கிராமத்து நர்ஸுக்கு வழிகாட்டி யார்?

நம் பிள்ளைகளின் படிப்பையும் உத்தியோகத்தையும் பற்றி இப்பகுதியில் மாதந்தோறும் எழுதி வருகிறோம். இம்மாதம், நம் சங்க உறுப்பினரான தாயார் ஒருவர் எழுப்பியுள்ள கேள்வியையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம். அவருடைய மகள் மும்பையிலேயே பிறந்து வளர்ந்து, பி.எஸ்ஸி. நர்ஸிங் பட்டம் பெற்று, தனியார் மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுகள் பணி செய்தவள். இப்பொழுது அரசாங்கச் சுகாதாரத் துறையில், பால்கர் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றின் துணைச் சுகாதார நிலையத்தில், சமுதாய சுகாதார அலுவலராக அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "சம்பளத்தைப் பற்றிக் குறையில்லை. ஆனால் அவ்வளவு தொலைவில் போய் உட்கார்ந்துவிட்டால் முன்னேற்றம் ஏது? அங்கே அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று அந்த அம்மையார் வினவுகிறார்.

முன்னேற்றம் ஏது என்று கேட்பவர் பலர். யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்பவர் சிலரே. நம் கருத்தில் பின்னதே முந்திக் கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும் முறைப்படி முதற் கேள்விக்கு முதலில் விடை காண்போம்.

அரசாங்க நர்ஸிங் உத்தியோகத்தில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மருத்துவமனைப் பாதை. மத்திய அரசாங்க மருத்துவமனைகளில், முன்பு ஸ்டாஃப் நர்ஸ் என்று வழங்கியவர் இன்று நர்ஸிங் ஆபீஸர் எனப்படுகிறார். ஏழாவது ஊதியக் குழுவின்படி அவருடைய தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அதற்கு மேல் முதுநிலை நர்ஸிங் ஆபீஸர், உதவி சூப்பரின்டென்டென்ட், துணை சூப்பரின்டென்டென்ட், சூப்பரின்டென்டென்ட் என்று படிகள் வரிசையாக அமைந்துள்ளன. எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான பொதுத் தேர்வு 2020 முதல் நடைபெற்று வருவதால், எந்த மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெண்ணும் பிள்ளையும் அதில் போட்டியிட இயலும்.

மற்றொன்று பொதுச் சுகாதாரப் பாதை. இது பழமையானது. டில்லியில் லேடி ரீடிங் சுகாதாரப் பள்ளி 1918-இல் தோன்றியபோதே, வீடு வீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் பெண்களைப் பயிற்றும் வேலை இந்நாட்டில் தொடங்கிவிட்டது. இப்பாதையில் ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலி மருத்துவச்சி முதற்படி. அவருக்கு மேல் பெண் சுகாதார மேற்பார்வையாளர். அதற்கு மேல் பொதுச் சுகாதார நர்ஸ். பிறகு மாவட்ட அளவிலான பதவிகள். தமிழ்நாட்டில் கிராமச் சுகாதாரச் செவிலியர், பகுதிச் சுகாதாரச் செவிலியர், சமுதாய சுகாதாரச் செவிலியர், மாவட்டத் தாய் சேய் நல அலுவலர் என இப்படிகளுக்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. ஊருக்கு ஊர் பெயர் மாறினும் ஏணி ஒன்றே.

சமுதாய சுகாதார அலுவலர் என்பது இப்பாதையில் புதிதாகச் சேர்ந்த பதவி. 2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ்த் துணைச் சுகாதார நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டபோது இது வந்தது. இம்மையங்கள் 2023 முதல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படுகின்றன. நர்ஸிங் படித்தவரோ ஆயுர்வேதப் பட்டம் பெற்றவரோ இப்பதவிக்கு வரலாம். தடுப்பூசியும் பிரசவக் கவனிப்பும் மட்டுமன்றி, இரத்த அழுத்தம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வேலையும் இவரைச் சேர்ந்தது. டாக்டர் அருகில் இல்லாத இடத்தில், பொறுப்போடு முடிவெடுக்கும் உரிமை ஒரு நர்ஸுக்குக் கிடைப்பது சிறிய முன்னேற்றமன்று.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. பல மாநிலங்களில் இப்பதவி ஒப்பந்த அடிப்படையிலேயே நிரப்பப்படுகிறது. நிரந்தர ஊழியருக்கு உரிய பதவி உயர்வும், படிப்பு விடுப்பும், ஓய்வுக்காலப் பலன்களும் ஒப்பந்த ஊழியருக்குத் தாமாக வந்து சேருவதில்லை. நிரந்தரப் பணியிலும் நிலைமை முற்றும் செவ்வையானதன்று. மத்திய அரசாங்கத்தில் பதவி உயர்வு கிட்டாதவருக்கு 10, 20, 30 ஆண்டுகள் நிறைவில் ஊதிய நிலையை உயர்த்தித் தரும் விதி உண்டு. சம்பளம் ஏறும், வேலையோ நின்ற இடத்திலேயே நிற்கும். முப்பதாண்டு அனுபவம் பெற்ற ஒருவர், தாம் கற்றதை மற்றொருவருக்குக் கற்பிக்க வாய்ப்பின்றியே ஓய்வு பெற்றுச் செல்வதை எங்கும் காண்கிறோம். இங்கேதான் அந்த அம்மையாரின் இரண்டாம் கேள்வி வந்து நிற்கிறது.

மருத்துவமனை வார்டில் புதிய நர்ஸ் ஒருத்தி தனியாக இருப்பதில்லை. கை நடுங்கும்போது பக்கத்துக் கட்டிலருகே மூத்தவர் ஒருவர் நிற்பார். கிராமத்தில் அந்நிலை இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் வாழும் பகுதியிலும் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் அளவுகோல். மேற்பார்வையாளர் ஒருவரிடம் ஆறு நிலையங்கள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. அவர் வரும் நாளில் பெரும்பாலும் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கவே நேரம் சரியாகிவிடுகிறது. எத்தனை ஊசி, எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பேர் விடுபட்டனர் என்று எண்ணிக் கையொப்பமிட்டுச் செல்வார். இது மேற்பார்வை; இதுவும் வேண்டியதே. ஆனால் வழிகாட்டல் என்பது வேறு. மேற்பார்வையாளர் செய்து முடித்த வேலையைக் கணக்குப் பார்க்கிறார். வழிகாட்டி, வேலை நடக்கும்போதே அருகில் நிற்கிறார்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதன்று. பிரசவித்த பெண்ணுக்கு இரத்தப்போக்கு மிகுந்துவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உயிர் போகக்கூடும். ஆக்ஸிடோஸின் ஊசி போட வேண்டும், கருப்பையைப் பிசைந்து சுருங்கச் செய்ய வேண்டும், காலந்தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பன பரீட்சையில் எழுதித் தேறிய பாடங்களே. நள்ளிரவில், வெளியே உறவினர் கூச்சலிட, வண்டி வருமோ வராதோ என்ற நிலையில் அவற்றை வரிசை தவறாமல் செய்வதற்கு, முன்பே ஒருவர் கைபிடித்துப் பழக்கியிருக்க வேண்டும். அப்படிப் பழக்குவார் இல்லாதபோது இழப்பு இரண்டு பக்கமும் நேருகிறது. ஒரு வீட்டில் தாய் போகிறாள். மறு பக்கம், நல்ல நர்ஸ் ஒருத்தி, "இந்த வேலைக்கு நான் தகுதியற்றவள்" என்று மனமொடிந்து ராஜினாமா எழுதிக் கொடுக்கிறாள்.

வழிகாட்டல் பயன் தருமா என்பதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012, 2013 ஆண்டுகளில் கர்நாடகத்தின் வடபகுதியில், பெல்லாரி, குல்பர்கா மாவட்டங்களில், அனுபவமுள்ள நர்ஸுகளுக்குத் தனிப் பயிற்சி தந்து, அவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வழிகாட்டிகளாக அனுப்பினர். அவர்கள் அங்குள்ள நர்ஸுகளோடு இருந்து, வேலையைப் பார்த்து, செய்து காட்டி, பிரசவக் குறிப்பேட்டை எழுதும் முறையையும் பழக்கினர். வழிகாட்டிகள் செல்லாத நிலையங்களோடு ஒப்பிட்டபோது, சென்ற நிலையங்களில் நர்ஸுகளின் அறிவும், சிக்கல்களைச் சமாளிக்கும் ஆயத்தமும் மேம்பட்டிருந்தன. பின்னர் பிகாரிலும் இத்தகைய முறை பரவலாகக் கையாளப்பட்டது. வழிகாட்டிகளாகச் சென்றவர் டாக்டர்கள் அல்லர், நர்ஸுகளே என்பதை நேயர்கள் கருத வேண்டும். அனுபவமிக்க நர்ஸுக்கு இதைவிடத் தகுந்த பதவி உயர்வு வேறு ஏது? ஆதலால் வழிகாட்டல் என்பது இளையவருக்குக் காட்டும் தயவு மட்டுமன்று. மூத்தவருக்கு அமைய வேண்டிய உத்தியோகப் படியும் அதுவே. இதை ஒவ்வொரு மாநிலமும் நிலையான பதவியாக்கிச் சம்பளமும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்பது நம் துணிபு.

அரசாங்கம் செய்யும்வரை குடும்பம் சும்மா இருக்கலாகாது. வேலை உத்தரவு கையில் வந்ததும் பெற்றோர் பின்வருவனவற்றை விசாரித்து அறிதல் நலம்.

முதலாவது, பதவி நிரந்தரமானதா, ஒப்பந்தமா? ஒப்பந்தமாயின் எத்தனை காலத்திற்கு? சம்பளத்தில் எவ்வளவு நிச்சயமானது, எவ்வளவு வேலைக்கு ஏற்ப மாறுவது?

இரண்டாவது, நர்ஸிங் பதிவு எந்த மாநிலத்துக் கவுன்சிலில் உள்ளது? தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்துகொண்டவர் மகாராஷ்டிரத்தில் பணியாற்ற வேண்டுமாயின், இங்குள்ள கவுன்சிலிலும் பதிவு பெற வேண்டும். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் நெறி. பயிற்சிச் சான்றிதழ் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது பின்னாளில் உதவும்.

மூன்றாவது, மேற்படிப்புக்கு வழி எது? டிப்ளமோ படித்தவருக்கு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பட்டமும், பட்டம் பெற்றவருக்குச் சமுதாய நர்ஸிங்கில் எம்.எஸ்ஸி.யும் உள்ளன. மத்திய அரசாங்க நிரந்தர ஊழியர் ஐந்தாண்டு பணி முடித்தபின் படிப்பு விடுப்புக் கோரலாம். மாநிலங்களின் விதிகளைத் தனியே கேட்டறிய வேண்டும்.

நான்காவது, முதல் ஆறு மாதம் அருகிலிருந்து பழக்குபவர் யார்? நியமிக்கப்பட்டவர் எவரும் இல்லையெனில், ஆரம்ப சுகாதார நிலையத்து மூத்த நர்ஸ் ஒருவரை அணுகி, வாரம் ஒரு நாள் அவரோடு பிரசவ அறையில் இருக்க மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்கலாம். அப்பகுதி ஏ.என்.எம். பட்டம் பெறாதவராயினும், ஊரின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர். அவரைத் தாழ்வாக எண்ணாமல் "தாயி" என்று அழைத்துக் கேட்டுக் கற்பவள் பாதிப் பாடத்தை அங்கேயே கற்றுவிடுவாள். அந்தமானில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றிய ஏ.என்.எம். சாந்தி தெரேசா லக்ராவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதை இங்கே நினைத்துக்கொள்வோம்.

மொழியையும் பற்றி ஒரு சொல். மும்பையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கடைத்தெரு மராத்தி வரும். நோயாளியின் வேதனையைக் கேட்டறிய அது போதாது. பால்கர் மலைப்பகுதியில் வார்லி மக்களின் பேச்சு வேறு. பிறர் மொழியைப் பணிவோடு கற்பது வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார் காலத்திலிருந்து செய்து வருவதே.

ஆகவே அந்த அம்மையாருக்கு நாம் சொல்வது இது: மகளைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள். நம் சங்கத்துக் குடும்பங்களில் மாநகராட்சி மருத்துவமனைகளிலும், ரயில்வேயிலும், இராணுவ நர்ஸிங் பணியிலும் இருந்து ஓய்வு பெற்ற சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் மாதம் இரண்டு மாலைப்பொழுதுகளைத் தந்தால் போதும். இரவில் ஒரு சந்தேகம் எழுந்தால் தொலைபேசியில் கேட்கவும், மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதும் முறை அறியவும், மனம் சோரும்போது ஆறுதல் பெறவும் இளையவர்களுக்கு ஓர் அக்காள் கிடைப்பாள். பிரசவ அறையில் அருகிலிருந்து பழக்குபவரின் இடத்தை இது நிரப்பாது. ஆயினும் தனிமையை நீக்கும். விருப்பமுள்ளோர் தங்கள் பெயர், பணியாற்றிய துறை, ஆண்டுகள், அறிந்த மொழிகள் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்திற்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். வழிகாட்டல் நாடும் நர்ஸுகளும் மாணவிகளும் அவ்வாறே எழுதலாம். இரு சாராரையும் இணைத்து வைக்கும் பொறுப்பை இப்பகுதி ஏற்கும்.