முதுகில்லாத பாஞ்சோ போதும்

மேடையில் மினுங்கும் வாத்தியத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதன் எடையைக் கேட்பதில்லை. கற்பதற்கும் கையோடு கொண்டுபோவதற்கும் பாஞ்சோ வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தியாவில் பாஞ்சோ வாங்கப் புறப்படுபவருக்கு முதல் சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. பல வாத்தியக் கடைகளில் பாஞ்சோ என்று கேட்டால், டைப்ரைட்டர் போலக் கட்டைகள் பதித்த நீளமான ஒரு பெட்டியை எடுத்து வைப்பார்கள். மும்பையில் விநாயகர் ஊர்வலங்களில் ஒலிபெருக்கி வைத்து முழங்கும் வாத்தியம் அது. 2016ல் ரித்தேஷ் தேஷ்முக் நடித்து வெளிவந்த 'பாஞ்சோ' இந்திப் படமும் அதைப் பற்றியதுதான். அதன் இன்னொரு பெயர் புல்புல்தரங். 1912ல் ஜப்பானின் நகோயா நகரில் கோரோ மொரிட்டா உருவாக்கிய தைஷோகோட்டோவின் இந்திய வாரிசு அது. நல்ல வாத்தியம்தான். ஆனால் அமெரிக்க பாஞ்சோவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது.

அமெரிக்க பாஞ்சோ என்பது கழுத்து முளைத்த ஒரு கஞ்சிரா. வட்டமான மர வளையம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், அதிலிருந்து நீளும் கழுத்து, ஐந்து தந்திகள். ஐந்தாவது தந்தி மட்டும் குட்டை. கழுத்தின் நடுவழியில், ஐந்தாவது மெட்டருகே அதற்குத் தனி பிருடை இருக்கும். வீணையின் பக்கத் தந்திகளைப் போல, மெட்டில் அழுத்தப்படாமல் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் பெரும்பாலும் இதன் வேலை.

நம் நாட்டு ரசிகர்களுக்கு இந்த ஓசை முற்றிலும் புதிதல்ல. பாஞ்சோ மேதை பேலா ஃப்ளெக் 1996ல் விஸ்வமோகன் பட்டுடன் சேர்ந்து 'தபுலா ராஸா' ஆல்பத்தை வெளியிட்டார். பின்னர் ஜாகீர் ஹுசேன், ராகேஷ் சௌராசியா, எட்கர் மேயர் ஆகியோருடன் அவர் வாசித்த 'ஆஸ் வீ ஸ்பீக்' 2024 பிப்ரவரியில் கிராமி விருதுகளை அள்ளியது. அதைக் கேட்டுவிட்டு 'இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணனுக்கோ மகளுக்கோ போன் பறக்கும். 'வரும்போது ஒரு பாஞ்சோ வாங்கிக்கொண்டு வா.'

எந்த பாஞ்சோ? செலவு வீணாகுமா, வீட்டில் வாசிப்பு நடக்குமா என்பது இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

இரண்டு சாதிகள்

ஐந்து தந்தி பாஞ்சோவில் பிரதானமாக இரண்டு வகை. ஒன்று, பின்பக்கம் மரத்தட்டு பொருத்திய 'ரெசனேட்டர்' பாஞ்சோ. மற்றது, பின்பக்கம் எதுவுமில்லாமல் திறந்திருக்கும் 'ஓப்பன்-பேக்'. முதல் வகையில் பின்னால் போகும் ஒலி தட்டில் மோதி, முன்னால் இருப்பவர்களை நோக்கிப் பாயும். இரண்டாவது வகையில் அது வாசிப்பவரின் வயிற்றில் அடங்கிவிடும்.

ரெசனேட்டர் வகைக்குப் புகழ் தேடித்தந்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த இந்த வட கரோலினா இளைஞர், மூன்று விரல்களால் மழை பொழிவது போல வாசித்து 'புளூகிராஸ்' என்ற இசைக்கே முகம் கொடுத்தார். பிடிலும் மாண்டலினும் பாஸும் சுற்றி நிற்கும் மேடையில் பாஞ்சோ தனியாகக் கேட்டாக வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தட்டு. தோலுக்கு அடியில் கனமான வெண்கல வளையமும் இருக்கும். அந்த வளையம் மட்டுமே ஒன்றரை கிலோவை நெருங்கும். மொத்தத்தில் இத்தகைய வாத்தியம் நான்கரை முதல் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம்.

எளிமையான ஓப்பன்-பேக் இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் மூன்று கிலோ. காகிதத்தில் அது அற்பம். தினமும் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, இடது தோளில் வார் மாட்டி, புதிதாக வளையும் விரல்களோடு போராடுகிறவருக்கு அது அற்பமல்ல. கனமான வாத்தியம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இலேசான வாத்தியம் சுவரில் மாட்டியிருக்கும். சுவரில் மாட்டியிருப்பதைத்தான் கை எடுக்கும். கற்பவர் பாதியில் கைவிடுவதற்குத் திறமைக் குறைவை விட இது பெரிய காரணம்.

சத்தமும் ஒரு விஷயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ரெசனேட்டர் பாஞ்சோவோடு பழகுவது பக்கத்து வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும். ஓப்பன்-பேக் மட்டும் பூனை மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு எளிய வைத்தியம் உண்டு. பின்புறத்தில் தோலுக்கும் குறுக்குக் கம்பிக்கும் இடையில் ஒரு பழைய துணியைச் செருகிவிட்டால் பாதி அடங்கிவிடும்.

கனம் எங்கிருந்து வந்தது?

எடை குறைந்த பாஞ்சோ என்பது விலைக்காக வெட்டிச் சுருக்கிய சரக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இந்த வாத்தியம் பிறக்கும்போதே இலேசானது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக் குடுக்கை, ஆட்டுத்தோல், ஒரு குச்சி ஆகியவற்றை வைத்துச் செய்துகொண்டது அது. செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்களிடம் இன்றும் உள்ள 'அகோன்டிங்' அதன் நெருங்கிய உறவு. அதிலும் ஒரு குட்டைத் தந்தி உண்டு. 1687ல் ஜமைக்கா சென்ற ஹான்ஸ் ஸ்லோன், அங்கே கண்ட இத்தகைய வாத்தியங்களின் படத்தை 1707ல் வெளியான தன் நூலில் சேர்த்தார்.

1840களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் 'மின்ஸ்ட்ரல்' மேடைக்கு அதை எடுத்துச் சென்றார்கள். பால்டிமோர் நகரின் வில்லியம் பௌச்சர் போன்றவர்கள் விற்பனைக்குத் தயாரிக்கத் தொடங்கினார்கள். சுரைக் குடுக்கை போய் மர வளையம் வந்தது. பிறகு உலோகம் வந்தது. 1920களில் கிப்ஸன் கம்பெனியின் 'மாஸ்டர்டோன்' வரிசையோடு கனம் உச்சத்தைத் தொட்டது. ஒவ்வொரு படியிலும் கூட்டப்பட்டது அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும் சத்தம். அதன் விலை எடை.

இதற்கிடையில், கேலிப்பொருளாக்கப்பட்ட வாத்தியத்திலிருந்து பெரும்பாலான கறுப்பர்கள் விலகிப்போனார்கள். அப்பலாச்சிய மலை வெள்ளையர்களின் சொத்து என்றே உலகம் அதை நினைக்கத் தொடங்கியது. அந்தக் கதையைத் திருத்தும் முயற்சியாக 2005ல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோக் கலைஞர்கள் கூடினார்கள். அங்கே சந்தித்தவர்களிடமிருந்து 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' குழு உருவானது. அதில் ஒருவரான ரியானன் கிடென்ஸ், 2023ல் 'ஓமர்' ஆபெராவுக்காக மைக்கேல் ஏபெல்ஸுடன் புலிட்ஸர் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2024ல் வெளியான பியான்ஸேயின் 'டெக்ஸஸ் ஹோல்டெம்' பாட்டில் பாஞ்சோ வாசித்தவரும் அவர்தான். கிடென்ஸ் மேடையில் ஏந்துவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பாணியிலான, மெட்டுகளே இல்லாத, பின்புறம் திறந்த வாத்தியம். தட்டும் வளையமும் இல்லாததால் அவர் இசையில் எதுவும் குறைந்துவிடவில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

ஓப்பன்-பேக் என்று முடிவாகிவிட்டால் மிச்ச வேலை எளிது. சில பொறிகளில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முதலில் தந்திகளை எண்ண வேண்டும். நாலு தந்தி பாஞ்சோக்கள் உண்டு. அவை ஜாஸுக்கும் அயர்லாந்து இசைக்கும் உரியவை. ஆறு தந்தி பாஞ்சோவும் உண்டு. அது கிதார் போலச் சுருதி சேர்க்கப்படுவது, அதாவது பாஞ்சோ வேஷம் போட்ட கிதார். ஐந்து தந்தி, அதில் ஒன்றின் பிருடை கழுத்தின் நடுவில். இது இருந்தால்தான் 'கிளாஹாமர்' என்ற பழைய பாணியைக் கற்க முடியும். ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே தட்டி, கட்டைவிரலால் குட்டைத் தந்தியை மீட்டும் இந்த முறை ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. அகோன்டிங் வாசிப்பிலும் இதே கையசைவைக் காணலாம்.

இரண்டாவது, அந்த ஐந்தாவது பிருடை. மலிவான சிலவற்றில் அது வெறும் உராய்வில் நிற்கும். தொட்டால் சுருதி ஓடிவிடும். பல்சக்கரம் உள்ளதாக இருப்பது முக்கியம்.

மூன்றாவது, தந்தியின் உயரம். பன்னிரண்டாவது மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தால் சௌகரியம். அதற்கு மேல் அதிகமாகப் போனால் புது விரல்கள் ரணமாகும். கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துவிடலாம்.

நான்காவது, குதிரை. பாஞ்சோவின் குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியை அழுத்தி மீட்டும் ஸ்வரமும், அதே இடத்தில் இலேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தோலின் மீது பென்சிலால் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பயணத்தில் அது நகராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐந்தாவது, தோல். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்தான். 1957ல் ரெமோ பெல்லி டிரம்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்த பாலியெஸ்டர் தோலின் வாரிசு. கன்றுத்தோல் இனிமையானது என்று வாதிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் அது தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் கஞ்சிரா படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கும் கொச்சிக்கும் கொண்டுவரும் வாத்தியத்துக்கு பிளாஸ்டிக்கே உத்தமம்.

அமெரிக்காவில் முதல் பாஞ்சோ என்றதும் அடிக்கடி அடிபடும் பெயர், 1975ல் தொடங்கப்பட்ட கலிபோர்னியாவின் டீரிங் கம்பெனி செய்யும் 'குட்டைம்'. 11 அங்குல மேப்பிள் மர வளையம், வெண்கல வளையம் கிடையாது, எடை சுமார் 1.8 கிலோ. புளோரிடாவின் கோல்டு டோன் கம்பெனி, மரத்துக்குப் பதில் செயற்கைக் கலவையில் வளையம் செய்த 'ஏசி-1' என்ற இலேசான ரகத்தை விற்கிறது. அழகு பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஏமாற்றம்தான். முத்துச்சிப்பி வேலைப்பாடோ பளபளக்கும் உலோகமோ கிடையாது. அதே விலையிலும் அதற்குக் குறைவாகவும் பளபளப்போடு கிடைக்கும் ரெசனேட்டர் பாஞ்சோக்களில் பணம் பளபளப்புக்குப் போயிருக்கும். கழுத்துக்கும் பிருடைக்கும் போயிருக்காது.

பின்தட்டைக் கழற்றிவிட்டால் ஓப்பன்-பேக் ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். நாலு திருகுகளைக் கழற்றினால் போதும். ஆனால் வெண்கல வளையமும் சுற்றியுள்ள உலோக விளிம்பும் அப்படியே இருக்கும். கனத்தில் பெரும்பங்கு அவற்றில்தான்.

இலேசுக்கும் ஒரு விலை உண்டு

எடை குறைந்தவற்றில் குறையே இல்லை என்பதல்ல. வளையம் இலேசானால் கழுத்துப் பக்கம் சாயும். இடது கை அதைத் தாங்கத் தொடங்கினால் வாசிப்பு கெடும். வார் மாட்டிக்கொண்டால் இது பெருமளவு தீரும். உட்கார்ந்து வாசிக்கும்போதும் வாரைக் கழற்றாமல் இருப்பது நல்ல பழக்கம். உலோக வளையத்தின் நீண்ட ரீங்காரமும் இதில் வராது. ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். கிளாஹாமருக்கு அது பொருத்தம், ஸ்க்ரக்ஸ் பாணியில் மூழ்க விரும்புபவருக்குப் போதாது.

பயணத்துக்கென்றே கழுத்து குறுகிய சின்ன பாஞ்சோக்களும் வருகின்றன. முதல் வாத்தியமாக அவற்றை வாங்குவதில் ஒரு சிக்கல். தந்தி குட்டையானால் வழக்கமான ஜி சுருதியில் தொளதொளக்கும், இறுக்கினால் சுருதி ஏறிவிடும். பாட நூல்களோடும் ஒலிப்பதிவுகளோடும் சேர்ந்து வாசிப்பது கஷ்டம். மெட்டுகளின் இடைவெளியும் நெருங்கிவிடும். முழு நீள இலேசான பாஞ்சோதான் முதலில். சின்னது இரண்டாவதாக வரட்டும்.

முழு நீளம் என்றால் சுமார் 95 சென்டிமீட்டர். விமானத்தில் இது தலைவலி. அமெரிக்காவில் 2012ல் இயற்றப்பட்ட சட்டமும் 2015ல் அமலுக்கு வந்த விதிகளும், தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடமிருந்தால் சின்ன வாத்தியங்களை அனுமதிக்க வேண்டும் என்கின்றன. முதலில் ஏறுபவருக்கு இடம் கிடைக்கும், கடைசியில் ஏறுபவருக்குச் சட்டம் துணைக்கு வராது. இந்திய விமானங்களில் கைப்பெட்டிக்கு வழக்கமான 7 கிலோ வரம்புக்குள் இரண்டு கிலோ வாத்தியம் உறையோடு அடங்கிவிடும். நீளம்தான் இடிக்கும். முன்கூட்டியே விமானக் கம்பெனியிடம் கேட்டுவிடுவது மேல். சரக்கில் போட வேண்டி வந்தால் கடினமான பெட்டி தேவை. தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, குதிரைக்கு அடியில் மெல்லிய துணி கொடுத்து அனுப்ப வேண்டும். ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. மெத்தையிட்ட துணி உறையில் போட்டு, மேல் பெர்த்தில் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

கற்பவருக்குத் தேவை தினமும் கைக்கு வரும் ஒரு வாத்தியம். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய நாள் வந்தால், பின்தட்டு வைத்த கனமான பாஞ்சோவை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.