இலவசம் வேறு, கட்டற்றது வேறு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வேண்டுமானால் பதிவு செய்துகொண்டு ஓராண்டு தள்ளிப்போடலாம். அதன்பிறகு விண்டோஸ் 11க்குப் போயாக வேண்டும். எங்கள் படிப்பகத்தில் ஐந்து மடிக்கணினிகள் இருக்கின்றன. நான்கு, தோழர்கள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்தவை. ஒன்று, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கணினிக்குத் தகுதி இல்லை.

தகுதி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. "நல்லா ஓடுற மிஷினுக்கு என்ன தோழர் தகுதி இல்லையாம்?" என்று ஒரு தோழர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பழுதாகாத கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரித்து, வயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

ஐந்திலும் லினக்ஸ் மின்ட் போட்டோம். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, பக்கம் வடிவமைப்பது என் பிழைப்பு. அந்த வேலைக் கணினியையும் வீட்டுக் கணினியையும் சேர்த்தே மாற்றினேன். சில மாதங்கள் ஆகின்றன. இதில் கிடைத்ததையும் இடித்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். 2011இல் அண்ணா பிறந்தநாளில் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அரசு அதற்கு 'விலையில்லா' என்று பெயர் வைத்தது. தொலைக்காட்சி விவாதங்களில் அமர்ந்திருந்தவர்கள் அதை 'இலவசம்' என்றார்கள். அந்தச் சொல்லில் இருந்த இளக்காரம் யாரைக் குறிவைத்தது என்று விளக்கத் தேவையில்லை. வீட்டில் முதல் கணினி, சில நேரம் தெருவுக்கே முதல் கணினி, அந்தப் பைக்குள்தான் வந்தது. அதை 'ஓசி' என்றவர்கள் வீட்டில் அதற்கு முன்பே இரண்டு கணினிகள் இருந்தன.

லினக்ஸையும் பலர் 'இலவச மென்பொருள்' என்றே சொல்கிறார்கள். தமிழில் இதற்காகப் பாடுபட்டவர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பொருள் தந்து குழப்புகிறது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. விலை இல்லாமல் கிடைப்பது ஒன்று. கட்டு இல்லாமல் இருப்பது வேறொன்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் நிறுவிக்கொள்ளும் இயங்குதளம். அதன் உரிமம் நான்கு உரிமைகளைத் தருகிறது: எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்து மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இவை நிறுவனத்தின் பெருந்தன்மையால் வந்தவை அல்ல. சட்டப்படி எழுதிவைக்கப்பட்டவை. தயவை நம்பி வாழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, எழுதிவைத்த உரிமையின் அருமையும் தெரியும்.

இனி என் வேலையில் நடந்த ஒன்று. மூத்த தோழர் ஒருவர் 1990களில் நண்பர்களோடு ஒரு சிற்றிதழ் நடத்தியவர். வன்கொடுமைகள் பற்றிய கள அறிக்கைகள், அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதில் வந்தன. அச்சுப் பிரதிகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் சில இதழ்களின் பக்கங்கள் சிடியில் இருந்தன. பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கருக்கு 2001இல் வந்த ஏழாம் பதிப்புதான் கடைசி. அவர் போன டிடிபி கடைகளில் யாரிடமும் அது இப்போது இல்லை. ஒரு கடையில் எப்படியோ திறந்தார்கள். எழுத்துரு இல்லாததால் 'அம்பேத்கர்' என்ற பெயரே எம், கே, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடந்தது.

யுனிகோட் பரவுவதற்கு முன்னால் தமிழ்க் கணினி உலகம் அப்படித்தான் இருந்தது. பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு குறியேற்றம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது. தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றதே 2010இல்தான். அதுவரை எழுதப்பட்டதெல்லாம், எழுத்துரு விற்றவரும் மென்பொருள் விற்றவரும் கடையைத் திறந்துவைத்திருக்கும்வரை மட்டுமே நம்முடையது.

அந்தக் கோப்புகளை என் கணினியில் லிப்ரே ஆஃபிஸில் திறந்து பார்த்தேன். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும் வசதியை அதில் யாரோ தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். பக்கம் கலைந்துதான் வந்தது. எழுத்துகள் இன்னும் பாமினிதான். ஆனால் உரை மொத்தமும் இருந்தது. அதை யுனிகோடாக மாற்ற, ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு உதவியது. அதுவும் தமிழ்த் தன்னார்வலர்கள் எழுதியது. பிழைகளைத் திருத்த இரண்டு வாரம் ஆனது. ஓர் ஊரில் எரிக்கப்பட்ட வீடுகளின் கணக்கு, ஒவ்வொரு வீட்டிலும் போன பொருட்களோடு, வரிசையாகத் திரையில் வந்தது. தோழர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் நடக்கலைன்னு சொன்னான் தம்பி" என்றார்.

நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று சொல்கிறோம். எழுதியதை இருபது ஆண்டு கழித்துத் திறக்க முடியுமா என்பதும் அதில் சேர்த்திதான்.

அடுத்தது பாதுகாப்பு. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது திருட்டு விண்டோஸ். நம்மிடம் காசு இல்லை, கடைக்காரர் முந்நூறோ ஐந்நூறோ வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறார். அதில் ஒழுக்கப் பாடம் நடத்த நான் வரவில்லை. ஆனால் பூட்டை உடைக்கப் பயன்படும் அந்தச் சின்ன நிரல் வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தக் கணினியில்தான் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர், முகவரி, சாட்சிகளின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கின்றன.

பீமா கோரேகான் வழக்கு கண்முன் இருக்கிறது. ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் நெட்வயர் என்ற தீநிரல் வழியாகக் கடிதங்கள் வெளியிலிருந்து வைக்கப்பட்டன என்று, ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2021 பிப்ரவரியில் சொன்னது. ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இப்படியே நடந்தது என்ற அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காவலில் இறந்துவிட்டார். என்ஐஏ இந்த முடிவுகளை ஏற்கவில்லை. அதே வழக்கில்தான் ஆனந்த் டெல்டும்டே 2020இல் அம்பேத்கர் பிறந்தநாளன்று சரணடைந்து சிறைக்குப் போனார்.

லினக்ஸ் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நெட்வயர் லினக்ஸிலும் ஓடக்கூடியது. தெரிந்தவர் பெயரில் வரும் மின்னஞ்சலைத் திறப்பது எந்த இயங்குதளத்திலும் ஆபத்துதான். ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன, பூட்டு உடைக்கப்பட்ட கணினியைக் காட்டிலும், புதுப்பிப்பு ஒழுங்காக வரும் கணினி மேல். நிறுவும்போதே வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டிக்கொள்ளலாம். இதற்குக் காசு தேவையில்லை, கடைக்காரரும் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பேச்சும் அல்ல. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது உமாசங்கர் ஐஏஎஸ் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சூசே லினக்ஸைக் கொண்டுவர முனைந்தார். சில ஆண்டுகளில், 2010இல், அவருடைய சாதிச் சான்றிதழைக் கேள்விக்குள்ளாக்கிப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. அவருடைய பிற்காலப் பேச்சுகள் எல்லாவற்றுக்கும் நாம் தலையாட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் இதை அரசுக் கொள்கையாக்க முயன்றவர் ஒரு தலித் அதிகாரி என்பது பதிவாக வேண்டும்.

அந்த முயற்சி நிலைக்கவில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து காட்ட ஆசிரியருக்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. கடைக்காரர் இடம் அடைக்கிறது என்று முதல் வேலையாக அதை அழித்தார். பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் 2000களின் நடுப்பகுதியிலிருந்தே குனு/லினக்ஸில் நடக்கின்றன. அங்கே மென்பொருளோடு பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து வந்தன. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது இடித்தவை. எங்கள் பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸில் இன்றுவரை மசியவில்லை. மின்னணுக் கையொப்ப டோக்கன் வைத்து வேலை செய்யும் நண்பர் திரும்ப விண்டோஸுக்கே போய்விட்டார். டாலி படித்து வேலை தேடும் தங்கைகளிடம் "லினக்ஸுக்கு வா" என்று சொல்வது அநியாயம். வேலை விளம்பரத்தில் கேட்பது டாலி. அவர்கள் கணினியில் இரண்டையும் வைத்தோம். போட்டோஷாப்பில் கை பழகிய பேனர் வடிவமைப்பாளர் தோழர் ஜிம்ப்பைத் திட்டாத நாள் இல்லை. தமிழ்99 விசைப்பலகையை அமைக்க முதல் நாள் முழுவதும் திணறினேன். ஐபஸ், எம்17என் என்று இரண்டு பெயர்களைத் தெரிந்துகொண்டால் பத்து நிமிட வேலை. தெரியாதவரைக்கும் ஒரு நாள்.

அந்த ஒரு நாள் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. "தேடிப் படித்துக்கொள், எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்று லினக்ஸ் பழகியவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பகுதி நேர வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நேரம் விலையில்லாப் பொருள் அல்ல. கட்டற்ற மென்பொருள் உலகமும் சாதி அற்ற உலகம் அல்ல. நிரலைப் பார், ஆளைப் பார்க்காதே என்பது அங்கே தாரக மந்திரம். திறமை மட்டுமே பேசுகிறது என்று சொல்லும் இடங்களில் யாருடைய குரல் கேட்கிறது என்று நாம் பார்த்துத்தான் வந்திருக்கிறோம். பல திட்டங்கள் பயன்படுத்தும் 'பங்களிப்பாளர் உடன்படிக்கை' என்ற நடத்தை நெறி ஒன்று உண்டு. அதில் பாகுபாட்டின் வகைகளில் ஒன்றாகச் 'சாதி' என்ற சொல் 2021இல் வந்த 2.1 பதிப்பில்தான் சேர்ந்தது. லினக்ஸ் கருநிரல் குழு 2018இல் ஏற்றுக்கொண்டது முந்தைய பதிப்பு. அதில் அந்தச் சொல் இல்லை. கலிபோர்னியாவில் சிஸ்கோ மீது சாதிப் பாகுபாட்டு வழக்கு 2020இல் வந்த பிறகுதான் அந்த உலகத்துக்கே இப்படி ஒன்று இருப்பது காதில் விழுந்தது. ஆகவே அந்த உலகத்துக்குள் நாம் விருந்தாளியாக அல்ல, கேள்வி கேட்பவர்களாகவே போகிறோம்.

போகலாம் என்பதற்கு ஒரு முன்னோடியும் இருக்கிறது. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களும் அங்குள்ள மக்களும் சேர்ந்து 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' நடத்தினார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஜிம்ப்பில் படம் வரையக் கற்றுக் கண்காட்சி வைக்கும் அளவுக்கு வந்தார்கள். அங்கே பழைய கணினியும் கட்டற்ற மென்பொருளும் இருந்தன. அதைவிட முக்கியமாக, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆள் இருந்தது.

எங்கள் அனுபவமும் அதுதான். தனியாக மாறியவர்கள் பாதியில் திரும்பினார்கள். சேர்ந்து மாறியவர்கள் நிலைத்தார்கள். எனவே படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவலாம். வேலைக்கு விண்டோஸ் வேண்டும் என்பவருக்கு இரண்டையும் வையுங்கள். யாரையும் குற்றவுணர்வுக்கு ஆளாக்காதீர்கள். இயங்குதளத்தை மாற்றாவிட்டாலும், கள அறிக்கைகளை யுனிகோடில், திறந்த கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். வட்டைப் பூட்டுங்கள். தெரிந்துகொண்டதைத் தமிழில் எழுதிவையுங்கள். கணியம் இதழ் 2012இலிருந்து அந்த வேலையைச் செய்துவருகிறது. அதில் நம் பெயர்களும் வர வேண்டும்.

அரசிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கொடுக்கட்டும், வரவேற்போம். அதோடு கட்டற்ற மென்பொருளுக்கான தமிழ்ப் பாடநூலும், அதைச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியரும் வேண்டும் என்று மாணவர் அமைப்புகள் கோர வேண்டும். பெட்டி மட்டும் நம்முடையதாகி, சாவி வேறு யாரிடமோ இருந்தால் போதாது.

மூத்த தோழரின் சிற்றிதழில் இன்னும் ஏழு சிடிகள் மீதி இருக்கின்றன. அடுத்த ஞாயிறு எங்கள் படிப்பகத்தில் அவற்றைத் திறக்கிறோம். பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள். பிழை திருத்த ஆள் வேண்டும்.