இடம் கொடுத்தல்

தமிழில் ‘இடம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன. இடக்கைப் பக்கம் என்பது ஒன்று. ஒருவர் நிற்கவும் நகரவும் உரிய வெளி என்பது மற்றொன்று. ‘வலம்’ என்னும் சொல்லும் இப்படித்தான். வலக்கைப் பக்கத்தைக் குறிக்கும் அதே சொல் பழந்தமிழில் வலிமையையும் வெற்றியையும் குறித்தது. இவை ஒரே வேரிலிருந்து வந்தவையா, தற்செயலாக ஒலி ஒத்தவையா என்பதை மொழியியலார் பார்த்துக்கொள்ளட்டும். நம் நெடுஞ்சாலைகளின் இன்றைய நடப்பைச் சொல்வதற்கு இச்சொற்கள் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டன. வலத்தடம் வலியவர்களுடையதாகிவிட்டது; இடத்தடத்தில் செல்பவர்களுக்கு இடம் இல்லை.

அனகாபுத்தூரை எடுத்துக்கொள்வோம். அடையாற்றங்கரையில், பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில், பம்மலை அடுத்திருக்கும் நெசவாளர் ஊர். 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனி நகராட்சியாக இருந்தது. ஊருக்கு மேற்கே, பெருங்களத்தூரிலிருந்து புழல்வரை 32 கிலோமீட்டர் நீளும் சென்னைப் புறவழிச்சாலை. கிழக்கே, பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலை. இவ்விரண்டுக்கும் நடுவில் வாழும் மக்கள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கும், நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலைகளுக்கும், பல்லாவரம் ரயில் நிலையத்துக்கும் பெரும்பாலும் இருசக்கர வண்டிகளிலேயே போய்வருகிறார்கள். அவர்களைச் சூழ்ந்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளிலிருந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளும், புதிய கார்களை அடுக்கிச் சுமந்துவரும் நீண்ட டிரெய்லர்களும், தென்மாவட்டப் பேருந்துகளும், தண்ணீர் லாரிகளும் ஓடுகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு இப்பகுதிச் சாலைகளின் சுமை இன்னும் கூடியிருக்கிறது.

இச்சாலைகளில் நாள்தோறும் நிகழும் ஒன்றைப் பார்ப்போம். வலக்கோடித் தடத்தில் ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் முன்னால் தடம் வெறுமையாக இருக்கிறது. ஓட்டுபவருக்கு அவசரம் ஏதுமில்லை. பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்புகிறது, விளக்கை மின்னுகிறது, கார் விலகுவதாக இல்லை. பொறுமையிழந்த பேருந்து ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, இடத்தடத்தின் வழியாகக் காரை முந்துகிறார். அந்தத் தடத்தில், விதிப்படி ஓரமாக, பின்னிருக்கையில் பள்ளிப் பிள்ளையோடு ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கிறது. பேருந்து உரசிச் செல்லும் காற்றில் தடுமாறி அது மண்ணில் இறங்குகிறது. இறங்குவதற்கு மண் இருந்தால் பிழைத்தது. கார் ஓட்டியவருக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. அவர் யாரையும் இடிக்கவில்லை, வேக வரம்பை மீறவில்லை. தம்மை நல்ல ஓட்டுநர் என்றே அவர் நம்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்வார்.

நம் கருத்தின் மையம் இதுதான். வலத்தடத்தை விடாது பிடித்துக்கொண்டு போகிறவருக்கும், அவரை முந்தத் துடிப்பவருக்கும் இடையிலான பூசலின் விலையை, அந்தப் பூசலில் பங்கே இல்லாத மூன்றாமவர் கொடுக்கிறார். சாலை மரியாதை என்பதை இருவருக்கிடையிலான உபசாரமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ‘அவன் வழி விடவில்லை, ஆகவே நான் இடப்பக்கம் புகுந்தேன்’ என்ற வழக்கில் வாதியும் பிரதிவாதியும் மட்டுமே உண்டு. அடிபடுகிறவர் அதில் சாட்சியாகக்கூட வருவதில்லை.

அடிபடுகிறவர் யார் என்பதை எண்கள் சொல்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு 44க்கும் மேல், இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதே ஆண்டில் மாநிலங்களிலேயே மிகுதியான சாலை விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான்.

எந்தப் பக்கம் செல்வது என்பதில் இயற்கையின் கட்டளை எதுவும் இல்லை. ஆங்கிலேயரிடமிருந்து நமக்கு இடப்பக்கம் வந்தது. ஸ்வீடன் நாடு 1967 செப்டம்பர் 3ஆம் நாள் ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டது. ஆக, இது முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு மட்டுமே. எதிரில் வருபவர் அவர் பக்கத்தில் வருவார் என்று நம்பித்தான் நாம் நம் பக்கத்தில் போகிறோம். நம் நாட்டின் 1989 சாலை விதிமுறைகளும், அவற்றுக்கு மாற்றாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகளும் இந்த வாக்கைத்தான் சட்டமாக எழுதின: இயன்றவரை இடப்பக்கமாகச் செல்க; முந்துவதானால் வலப்பக்கமாக முந்துக. சில விலக்குகள் உண்டெனினும் அடிப்படை இதுவே.

பெரிய வண்டிகளின் ஓட்டுநர்கள் வலத்தடத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. இடத்தடத்தில் என்ன இருக்கிறது? பழுதாகி நிற்கும் லாரி, தேநீருக்காக நிறுத்தப்பட்ட லாரி, ஜல்லி, மணல், பேருந்துக்காகத் தாரில் இறங்கி நிற்கும் கூட்டம், கையைக் காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும் ஷேர் ஆட்டோ, அணுகுசாலையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஏறும் வண்டி, மாடு. சுமை ஏற்றிய லாரியை ஒவ்வொரு தடைக்கும் நிறுத்தி மீண்டும் கியர் மாற்றிக் கிளப்புவது எளிதன்று. இருவழிச் சாலைகளின் காலத்தில், ஓரத்தை மாட்டுவண்டிக்கும் மிதிவண்டிக்கும் விட்டுவிட்டு நடுவில் ஓட்டிய பழக்கமும் கூட வந்திருக்கிறது. சாலை நான்கு தடமாகவும் ஆறு தடமாகவும் அகன்றது; பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் இந்த நியாயத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்ல வேண்டும். பதினாறு சக்கர லாரிக்கே ஆகாத தடத்தில் இரண்டு சக்கர வண்டி எப்படிப் போகும்? லாரிக்கு ஜல்லி ஓர் இடையூறு. ஸ்கூட்டருக்கு அது மரணம். எல்லாருக்கும் ஆகாததை எல்லாம் ஒதுக்கித் தள்ளும் மூலையாக இடப்பக்கத்தை ஆக்கிவிட்டு, ‘ஓரமாகப் போ’ என்று எளியவரைப் பார்த்துச் சொல்வதில் மரியாதை எங்கே இருக்கிறது?

லாரியின் இடப்பக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். ஆகவே இடப்பக்கம் அவருக்குக் குருட்டுப் பக்கம். முன்பெல்லாம் அங்கே ஒரு கிளீனர் இருந்தார். வெளியே தலை நீட்டிப் பார்ப்பதும், கதவைத் தட்டி எச்சரிப்பதும் அவர் வேலை. பேருந்தில் நடத்துநரின் விசிலும் ‘ரைட், ரைட்’ என்ற குரலும் அதே வேலையைச் செய்தன. இன்று பல லாரிகள் கிளீனர் இல்லாமலே ஓடுகின்றன. வண்டியின் நீளம் கூடியிருக்கிறது. பார்க்கும் கண்கள் குறைந்திருக்கின்றன. டிரெய்லரின் இடப்பக்க இடைவெளியில் பைக்கை நுழைக்கும் இளைஞர், ஓட்டுநர் தம்மைப் பார்த்துவிட்டார் என்று நம்பித்தான் நுழைகிறார். அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது.

1989 விதிமுறைகளில் அழகான ஒரு சைகை இருந்தது. பின்னால் வருபவர் தம்மை முந்திச் செல்லலாம் என்று தெரிவிக்க விரும்பும் ஓட்டுநர், வலக்கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அரைவட்டத்தில் அசைக்க வேண்டும் என்றது அந்த விதி. ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று சொல்வதற்கு அரசாங்கமே ஒரு சைகையை வகுத்துத் தந்திருந்தது! பழைய லாரி ஓட்டுநர்கள் இதை இயல்பாகச் செய்தார்கள். எதிரில் வண்டி வருவது அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கை நம் உயிருக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட கை. இன்று குளிரூட்டிய கார்களின் கண்ணாடிகள் இறங்குவதில்லை. கையின் இடத்தை விளக்கு எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் எதிர்வண்டி விளக்கை மின்னினால் பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று பொருள் கொள்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பொருள் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்பது. அதே விளக்கு, அதே மின்னல்.

திருக்குறளில் ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இன்று அச்சொல்லைப் பார்வைக்கோணம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். வள்ளுவர் அதைப் பிறர்மீது கண் சென்று இரங்கும் பண்புக்கு வைத்தார். வண்டியோட்டுபவருக்கு இது உவமையாக அன்றி, நேர்ப்பொருளிலேயே பொருந்தும். பின்னோக்குக் கண்ணாடியில் கண்ணை ஓட்டுகிறவரால்தான் இரங்க முடியும். இடக்கண்ணாடியை மடித்துவைத்தும், இருசக்கர வண்டியானால் கழற்றியே எறிந்தும் ஓட்டுகிறவர், தமக்குப் பின்னால் உலகம் இல்லை என்று அறிவிக்கிறார்.

இருசக்கர வண்டியோட்டிகளை நாம் குற்றமற்றவர்களாக்கவில்லை. புறவழிச்சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் இடத்தடத்தை ஆபத்தாக்குவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. எதிர்த்திசையில் வருவது அவற்றில் முதலாவது. நடுத்தடுப்பில் திரும்பும் இடம் தொலைவில் இருக்கிறது, பெட்ரோல் விலை ஏறிக்கிடக்கிறது, வீடோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கில், ஓரத்தைப் பிடித்து எதிராக வருகிறார்கள். அப்படி வருகிறவர் மோதவிருப்பது லாரியோடு மட்டுமன்று. தம்மைப் போலவே ஓரமாக, விதிப்படி வரும் இன்னொரு ஸ்கூட்டரைத்தான் அவர் லாரியின் பாதைக்குள் தள்ளுகிறார். இங்கும் விலை கொடுப்பவர் மூன்றாமவரே. திரும்பும் இடங்களையும் அணுகுசாலைகளையும் ஒழுங்காக அமைக்காத நிர்வாகத்தின் பிழை இதில் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் நிர்வாகத்தின் பிழைக்கு எதிரில் வருபவரின் உயிரை ஈடு வைக்க முடியாது.

இதற்கு வேறு தீர்வுகளும் முயலப்பட்டிருக்கின்றன. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்குத் தடை. அவை அணுகுசாலையில் போக வேண்டும். தமிழர் பெருமளவில் வாழும் கிள்ளான் நகரையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மலேசியா 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித்தடம் அமைத்தது. முதலாவது, எளியவரைச் சாலையிலிருந்து விலக்குவது. இரண்டாவது, எளியவருக்குச் சாலையில் இடம் ஒதுக்குவது. இருசக்கர வண்டியே குடும்ப வாகனமாக இருக்கும் நம் புறநகர்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது நம் எண்ணம். மலேசிய நெடுஞ்சாலைகளில் ‘முந்தாதபோது இடப்பக்கம் செல்க’ என்று பலகைகளும் இருக்கின்றன. நம் சாலைகளில் கடைத்திறப்பு விழாக்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் உள்ள பலகைகளில் ஒரு பங்கேனும் இதற்கு இருந்தால் நன்று.

தமிழ்நாட்டு ஓட்டுநர்களுக்கு இடம் கொடுக்கத் தெரியாது என்று சொல்வதையும் நாம் ஏற்கவில்லை. 2008இல் இங்கே 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. குரோம்பேட்டை நெரிசலில் அதன் ஒலி கேட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நகரவே இடமில்லை என்றிருந்த சாலையில் எங்கிருந்தோ ஒரு வழி பிறக்கிறது. பேருந்து ஒதுங்குகிறது, கார் நடுத்தடுப்பை ஒட்டுகிறது, பைக்கில் வந்தவர் இறங்கி நின்று மற்றவரை விலக்குகிறார். 2019 திருத்தச் சட்டத்தின்படி ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அந்த அபராதத்துக்கு அஞ்சியா அவர்கள் விலகுகிறார்கள்? உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிவதால் விலகுகிறார்கள். ஸ்கூட்டரிலும் ஓர் உயிர்தான் இருக்கிறது. அதற்குச் சைரன் இல்லை, அவ்வளவே.

ஓட்டுநர் உரிமம் கேட்டுப் போகிறவரை நம் அலுவலகங்கள் ‘எட்டு’ போடச் சொல்கின்றன. கால் ஊன்றாமல் எட்டு போட்டவர் தேர்ச்சி பெறுகிறார். வண்டியை வளைக்கத் தெரிகிறதா என்பதே அங்கே கேள்வி. வழிவிடத் தெரிகிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தத் தேர்வை ஒவ்வொருவரும் தாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முந்தி முடித்ததும் இடப்பக்கம் திரும்புவது, திரும்புமுன் இடக்கண்ணாடியைப் பார்ப்பது, முன்னால் வழி விடாதவர்மீதுள்ள கோபத்தை இடத்தடத்தில் செல்பவர்மீது இறக்காதிருப்பது, திரும்பும் இடம் தொலைவில் இருந்தாலும் போய்த் திரும்பி வருவது. இவை நான்குக்கும் பணம் வேண்டாம், அகன்ற சாலை வேண்டாம், அரசாணை வேண்டாம். வலத்தடத்தில் போகும்போது, அது நமக்குக் கைமாற்றாகக் கிடைத்தது என்ற நினைவு இருந்தால் போதும். கைமாற்றை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதுதானே நம் ஊர் வழக்கம்.