அறுவைக் கத்திக்கு அருகில் ஒரு பென்சில்

"படம் வரைவது பொழுதுபோக்கு, சோறு போடுவது சயின்ஸ்" என்று சொல்லாத வீடு தண்டையார்பேட்டையில் உண்டா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்ற பேச்சு எழுந்தாலே, அம்மா என் ஓவியத் தாள்களைப் பரணில் ஏற்றப் பார்க்கிறார்கள். மருத்துவமனையிலும் ஓவியருக்கு இடம் உண்டு, அதுவும் அறுவை மருத்துவரின் பக்கத்திலேயே உண்டு என்பது என் கட்சி.

சென்ற ஆண்டு அப்பாவின் வலது கை பட்டறை இயந்திரத்தில் சிக்கியது. இப்பகுதிக்கு இது புதிதல்ல. டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் வளர்த்த கை அறுவைப் பிரிவு பெயர் பெற்றதும் இந்த வடசென்னையில்தான். அப்பாவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அப்பாவுக்கு எலும்பு மட்டுமே தெரிந்தது. உடனே அவர் ஓ.பி. சீட்டின் பின்புறம் ஒரு கையை வரைந்து, அறுந்த தசைநாண் எது, எங்கே இணைப்பேன் என்று இரண்டு கோடுகளில் காட்டினார். அதுவரை பயந்திருந்த அப்பா, "சரிங்க டாக்டர்" என்று சம்மதித்தார்.

நம் நாட்டில் இதற்குப் பழைய சான்று உண்டு. திப்பு சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்ட காவாஸ்ஜி என்ற வண்டிக்காரரின் மூக்கை அறுத்துவிட்டார்கள். பூனா அருகே செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அதைச் சரிசெய்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு வரைந்து, அந்த அளவுக்குத் தோலை எடுத்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டவிட்டுக் கீழே திருப்பினார். வரைந்த பிறகுதான் கத்தி! ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் காவாஸ்ஜியின் முகத்தை வரைந்தார். 1794-இல் இந்தச் செய்தி லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1814-இல், கார்ப்யூ என்ற மருத்துவர் அதே முறையில் அங்கே மூக்கு அமைத்தார். நோயாளியின் பெயர் தெரியும், ஓவியரின் பெயர் தெரியும். செய்து காட்டிய அந்தக் கைகளின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது பெரிய குறை.

1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூறு நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டரும் மருத்துவரே. கிரேயுடன் சேர்ந்து உடலை அறுத்துப் பார்த்து வரைந்தார். பிறகு பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்களோடு நின்று வரைந்த மாக்ஸ் பிரேடல், 1911-இல் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறையை ஏற்று நடத்தினார். புரியாததை வரையக் கூடாது என்பது அவர் கொள்கை.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதயத்தின் படத்தைக் கையேட்டிலிருந்து கார்பன் தாள் வைத்து ஒற்றியெடுத்தவள் நான். "இந்த வால்வு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று சிஸ்டர் கேட்டதும் விழித்தேன். தோழிகளே, நம்மில் எத்தனை பேர் அப்படி?

இன்று கேமராவும் ஸ்கேனும் இருக்கும்போது ஓவியர் எதற்கு என்று கேட்கலாம். கேமரா இரத்தம், பஞ்சு, கத்தி, கை எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். ஓவியரோ தேவையற்றதை விட்டுவிட்டு, மறைந்திருக்கும் நரம்பை மேலே கொண்டுவருவார். எனவே அறிவியல் பிரிவு எடுப்பவர்களுக்கும் நம் பள்ளியில் வாரம் ஒரு ஓவிய வகுப்பு வேண்டும். பெற்றோரும் பரண் கதவைச் சற்றுப் பொறுத்து மூடலாம்.

அப்பா அந்த ஓ.பி. சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அதில் கட்டைவிரல் கொஞ்சம் நீளமாகிவிட்டது. நான் திருத்தவில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி