புது மாத்திரையும் பழைய மருந்தும்

காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். காயமே இல்லாமல் குழாய்க்குள் உறைந்தால்? உயிருக்கே ஆபத்து! 1983-ல் லண்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் விவரித்த வியாதி இத்தகையது. ஹியூஸ் வியாதி என்றே அதற்குப் பெயர். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் உடலுக்கே பகையாகிவிடுகிறது. காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம். மூளையை அடைத்தால் இளம் வயதிலேயே பக்கவாதம். கர்ப்பம் திரும்பத் திரும்பக் கலைவதும் உண்டு.

இதற்கு வெகுகாலமாக வழங்கிவரும் மருந்து வார்பரின். ஆனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவை. அந்தத் தொல்லை இல்லாத ரிவரோக்சபான் என்ற புது மாத்திரை வந்ததும், இவர்களுக்கும் அது உதவுமா என்ற கேள்வி எழுந்தது.

இத்தாலியில் வியாதி கடுமையாக உள்ளவர்களிடம் அதைச் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. புது மாத்திரை உண்ட 59 பேரில் 7 பேருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. வார்பரின் உண்ட 61 பேரில் ஒருவருக்கும் இரத்தக் கட்டி ஏற்படவில்லை. ஆகவே சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. 2019-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனமும் எச்சரித்தது.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் வார்பரின் ஆகாது, சிசுவைப் பாதிக்கும். அவர்களுக்கு ஹெப்பாரின் ஊசியும் சிறிதளவு ஆஸ்பிரினும் தருகிறார்கள்.

சௌகரியம் வேறு, பாதுகாப்பு வேறு. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்றுவது விபரீதத்தில் முடியலாம்.