தொண்ணூறு நாள் யாருக்காக?

பேப்பர் போட்ட மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். "நோட்டீஸ் தொண்ணூறு நாள், தெரியும்ல?" தெரியும். கையெழுத்துப் போட்டவன் நான்தானே. படித்து முடித்த கையோடு வந்த ஆஃபர் லெட்டர். அப்பா திருத்தணியில் விசைத்தறி ஓட்டிச் சம்பாதித்த பணத்தில் படித்தவன், மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாதாடிக்கொண்டா நிற்பான்? தொள்ளாயிரம் நாள் என்று அடித்திருந்தாலும் போட்டிருப்பேன்.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. கம்பெனி நினைத்தால் நோட்டீஸுக்குப் பதில் சம்பளத்தைக் கொடுத்து அன்றைக்கே என்னை அனுப்பலாம். நான் பணத்தைக் கட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பலாமா? கூடாதாம், அது நிர்வாகத்தின் விருப்பமாம். என் டீமில் ஒருவரைக் காலையில் மீட்டிங்குக்குக் கூப்பிட்டு மத்தியானத்துக்குள் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்களே, அவரிடம் யார் கே.டி., அதாவது வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது, கேட்டார்கள்?

என்னிடம் மட்டும் கேட்டார்கள். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் போடவில்லை. கன்சல்டன்ட் என்று பெயர்தான் பெரிது. மணிக்கு இவ்வளவு என்று க்ளையன்ட்டுக்கு என் தலைமேல் பில் போகிறது. நான் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் வரவு. கடைசி வாரத்தில்தான் புதிதாக ஒரு பெண்ணை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதற்குள் புது கம்பெனி காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. முப்பது நாளில் வரச் சொன்னவர்கள் ஐம்பது வரை இறங்கி வந்தார்கள், அதற்குமேல் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41-வது பிரிவு: ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமில்லாமல் நீக்கக்கூடாது, நீக்குவதானால் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம். முதலாளிக்கே முப்பது நாள்தான்! பிறகு எனக்கு எங்கிருந்து வந்தது தொண்ணூறு? விருப்பமில்லாதவனை வேலை பார்க்க வைக்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கோர்ட்டுக்குப் போவதில்லை. ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வோம். நான் முழு நோட்டீஸையும் முடித்தும் அந்தத் தாள் இன்னும் வரவில்லை. ஆந்திராவில் இருந்த எங்கள் திருத்தணி போராடி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நல்லவேளை, ஊருக்கு யாரும் ரிலீவிங் லெட்டர் கேட்கவில்லை.

கணக்கு முடிக்க நாற்பத்தைந்து நாளாகுமாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 17-வது பிரிவு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டே வேலை நாளில் சம்பள பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது. அதை எழுதி மெயில் போட்டேன். "எங்கள் பாலிசிப்படி" என்று பதில் வந்தது. நாட்டின் சட்டத்தைவிடப் பெரிய பாலிசி!

அம்மா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்திருக்கிறாள். தெருவில் போனால் "வேலையை விட்டுட்டியாமே தம்பி?" என்று விசாரிக்கிறார்கள். விட்டுப் போகத்தான் விட மாட்டேன் என்கிறார்களே, அதை எப்படிச் சொல்வது?

ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-லேயே தெளிவுபடுத்தியது தமிழ்நாடு அரசு. தொழிலாளர் துறை இன்னும் ஒன்று செய்யட்டும். நோட்டீஸ் முப்பது நாளுக்கு மேல் போகக்கூடாது, இரு தரப்புக்கும் ஒரே அளவு, கடைசி நாளன்று கையில் லெட்டர், தராத கம்பெனிக்கு அபராதம் என்று விதியாகவே எழுதட்டும்.