லாக்கரில் வைக்கும் முன் நகைக்கு ஒரு க்ளோஸ்-அப்: அழகுக்காக அல்ல, அடையாளத்துக்காக!

"நகையோட போட்டோ ஏதாவது இருக்கா?"

பெரியம்மா வீட்டில் திருட்டு நடந்த மறுநாள், காவல் நிலையத்தில் எங்களிடம் கேட்ட முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. இருக்கே என்று கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். அத்தனை பக்கம் புரட்டியும் ஒன்றில்கூட அட்டிகை முழுசாகத் தெரியவில்லை. பாதியை மாலை மறைத்திருந்தது. மீதி, ஃபிளாஷ் பட்டு வெறும் வெள்ளைத் திட்டு. நடுக்கல் ஒருமுறை மாற்றியது, கொக்கி உடைந்து பத்த வச்சது எல்லாம் பெரியம்மாவுக்கு மனப்பாடம். ஆனால், மனப்பாடத்தைப் புகார் மனுவோடு இணைக்க முடியாதே!

நம்ம ஊரில் நகையை மாட்டிக்கொண்ட ஆளைத்தான் போட்டோ எடுக்கிறோம், நகையை எடுப்பதில்லை. அது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

லாக்கரில் இருந்தால் பத்திரம்தானே என்பீர்கள். லாக்கருக்குள் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்ற பட்டியல் வங்கியிடம் இருக்காது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ விபத்து, திருட்டு, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவேண்டிய ஒரே ஆள் நீங்கள்தான்.

சரி, எப்படி எடுப்பது?

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். தங்கம் கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. எதிரில் இருப்பதை அப்படியே திருப்பிக் காட்டும். நீங்கள் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் வளையலில் சிவப்புக் கோடு ஓடும். (நம்பாவிட்டால் எடுத்துப் பாருங்கள்.) வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, நேரடி வெயில் விழாத ஜன்னல் பக்கம் உட்காருங்கள். வெளிச்சம் கூசினால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும், சினிமாக்காரர்கள் துணி கட்டி செய்வதும் இதே வேலைதான். டியூப்லைட்டையும் மஞ்சள் பல்பையும் சேர்த்து எரியவிடாதீர்கள். எந்த நிறம் நிஜம் என்று கேமராவே குழம்பிவிடும்.

நகைக்கடைப் பெட்டியின் சிவப்பு வெல்வெட்டும் வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளைத் தாள் நல்லது. தாளை எடுத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக இருட்டடிக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியட்டும்.

அடுத்த தவறு, கிட்டே போவது. தெளிவாகத் தெரியணும்னு போனை நகையில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோகிறோம். எந்த லென்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு. அதைத் தாண்டிப் போனால் ஃபோகஸ் ஆகாது. பல போன்கள் ரொம்பக் கிட்டே போனதும் தானாகவே வேறொரு, தரம் குறைந்த லென்ஸுக்கு மாறிவிடும். கொஞ்சம் பின்னால் வந்து எடுத்து, அப்புறம் ஓரத்தை வெட்டிக்கொள்வதே மேல்.

பீரோவில் தூங்கும் பழைய டிஜிட்டல் கேமராவை எழுப்ப வேண்டிய நேரம் இதுதான். அதில் பூ போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதுதான் மேக்ரோ. அதை அழுத்திவிட்டு, ஜூம் செய்யாமல் சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே எடுக்கலாம். கேமராவின் நிழல் மட்டும் நகை மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.எல்.ஆர் வைத்திருப்பவர்கள் 18-55 கிட் லென்ஸை 55-க்குத் திருப்பி, அது ஃபோகஸ் ஆகும் மட்டும் கிட்டே போய், எஃப்/11 வையுங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது ஃபோகஸ் ஆகும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதனால், கேமராவை நகைக்கு இணையாக, நேராகப் பிடிப்பது முக்கியம்.

ஐ.எஸ்.ஓ 100 அல்லது 200-லேயே இருக்கட்டும். ஷட்டர் மெதுவாகும், கை நடுங்கினால் படம் கலங்கும். டிரைபாட் இல்லையா? நாலு தடி புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் கேமராவை வைத்து 2 செகண்ட் டைமர் போடுங்கள். பியூட்டி மோடு, ஃபில்டர் எதுவும் வேண்டவே வேண்டாம். கீறல், தேய்ந்த கொக்கி, ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறிய கல், பத்த வச்ச தழும்பு இவைதான் உங்கள் நகையை அதே டிசைனில் இருக்கும் இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். இன்ஸ்டாகிராமுக்கு அசிங்கமாகத் தெரிவதுதான் இங்கே அழகு.

முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, அப்புறம் ஹால்மார்க். இந்த நாலாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் தங்க நகைகளை எச்.யு.ஐ.டி என்ற ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீட்டோடுதான் கடைகள் விற்க வேண்டும். ஒவ்வொரு நகைக்கும் தனிக் குறியீடு. பி.ஐ.எஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் நகையின் தூய்மை, பரிசோதித்த மையம் உள்ளிட்ட விவரம் வரும். எறும்பு சைஸில் லேசரால் பொறித்திருப்பதால் மென்மையான வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். இதற்கு மட்டும் டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். போன் லென்ஸ் முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தாலும் வேலை நடக்கும்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் மெயிலில் போட்டு, பில்லின் படத்தையும் அதோடு சேர்த்துவிடுங்கள். தயவுசெய்து ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்!

பில் இருந்தால் போதாதா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பில்லில் எடை இருக்கும், செய்கூலி இருக்கும். மீட்கப்பட்ட நகைகளை ஒரு மேஜையில் கொட்டிவைத்து 'இதுல உங்களுது எது?' என்று கேட்டால் பில் பதில் சொல்லாது. வழக்கில் கைப்பற்றப்பட்ட நகைகளை விவரமாகப் பதிவு செய்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பிணைப்பத்திரம் வாங்கி உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால், உரியவர் நீங்கள்தான் என்று முதலில் காட்டியாகணும்.

அட்டிகை இன்னும் கிடைக்கவில்லை. திருட்டுக்குத் தப்பிய இரண்டு வளையலையும் ஒரு ஜோடி ஜிமிக்கியையும் போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் வைத்து எடுத்தோம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, இடது காது ஜிமிக்கியின் திருகாணி மரை தேய்ந்திருந்தது. "இது எப்ப ஆச்சு?" என்று கேட்ட பெரியம்மா, அன்று சாயங்காலமே ஆசாரியிடம் கிளம்பிவிட்டார்.